அரிய இடங்களில் தங்கும் கர்ப்பம்: வசதி குறைந்த மருத்துவமனையில் கண்டறிதலும் சிகிச்சையும்

வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் கருவி ஒன்று, சிறுநீரில் கர்ப்பத்தைக் காட்டும் பரிசோதனை அட்டை, அடிப்படை வசதியுள்ள அறுவை அரங்கு, இவ்வளவுதான் கையில் இருக்கிறது. ரத்த வங்கி இல்லை, பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேரப் பல மணி நேரம் ஆகும். இந்த நிலையில், சிசேரியன் தழும்பு, கருப்பை வாய், கருப்பை மூலை, சினைப்பை, வயிற்றறை ஆகிய அரிய இடங்களில் தங்கிய கர்ப்பத்தை எப்படி அடையாளம் காண்பது, எதை அங்கேயே செய்வது, எதை அனுப்பிவைப்பது என்பது கேள்வி. மருத்துவர்களையும் செவிலியர்களையும் மனத்தில் வைத்தே இந்தப் பதிலை எழுதுகிறேன்.

கர்ப்பங்களில் 100க்கு 1 முதல் 2 வரை கருப்பையின் உள்ளறைக்கு வெளியே தங்குகின்றன. அவற்றில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை சினைப்பையையும் கருப்பையையும் இணைக்கும் கருக்குழாயில் இருப்பவை. எஞ்சிய சிறு பங்குதான் மேலே சொன்ன இடங்களுக்கெல்லாம் பிரிந்து போகிறது. எண்ணிக்கையில் குறைவாக இருந்தும் இறப்பில் இவற்றின் பங்கு பெரிது. இவை தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், வழக்கமான கர்ப்பம் என்றோ வழக்கமான கருச்சிதைவு என்றோ எண்ணிக்கொண்டு நாம் செய்யும் அடுத்த செயலே உயிருக்கு ஆபத்தாக முடிவதுதான். கருப்பை வாயில் தங்கிய கர்ப்பத்தை முழுமையடையாத கருச்சிதைவு என்று நினைத்துச் சுரண்டுகிறோம். வயிற்றறையில் வளர்ந்த சிசுவுக்குப் பிரசவ வலியைத் தூண்ட மருந்து கொடுக்கிறோம். ஸ்கேன் பார்க்காமலேயே கருக்கலைப்பு மாத்திரை கொடுத்து அனுப்புகிறோம். ஆகவே அரிய வகைகளின் பெயர்ப்பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, இத்தகைய ஒவ்வொரு செயலுக்கும் முன்னால் கர்ப்பம் எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யும் வழக்கத்தை மருத்துவமனைக்குள் கொண்டுவருவதே பயன் தரும் என்பது என் கருத்து.

முதலில், சந்தேகம் எப்போது எழ வேண்டும் என்பதைப் பார்ப்போம். கருவுறும் வயதிலுள்ள பெண் வயிற்று வலி, மயக்கம், காரணம் தெரியாத ரத்தசோகை ஆகிய எதனுடன் வந்தாலும் சிறுநீர்ப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். மாதவிலக்கு தள்ளிப்போகவில்லை என்று அவர் சொல்வதை வைத்து இதைத் தவிர்க்கக் கூடாது. இடம் மாறிய கர்ப்பத்தில் வரும் ரத்தக்கசிவைப் பலர் மாதவிலக்கு என்றே கருதுகிறார்கள். கருத்தடை அறுவை செய்துகொண்டவர் என்பதும் விலக்குக்குக் காரணம் ஆகாது. அந்த அறுவைக்குப் பிறகு கர்ப்பம் உண்டாவது அரிது என்றாலும், உண்டானால் ஏறத்தாழ மூன்றில் ஒன்று கருப்பைக்கு வெளியேதான் இருக்கும். வாந்தியும் வயிற்றுப்போக்குமாக வந்து உட்கார்ந்து எழும்போது மயங்கி விழும் பெண்ணுக்கு வயிற்றுக் கோளாறு என்று சீட்டு எழுதுவது தாய்மார் இறப்பு ஆய்வுகளில் திரும்பத் திரும்பச் சுட்டப்பட்ட தவறு. வயிற்றறையில் ரத்தம் தேங்கும்போது நாடித்துடிப்பு உயராமலேயே இருக்கலாம், சில வேளைகளில் குறையவும் செய்யலாம். தொடக்கத்தில் ஹீமோகுளோபின் அளவும் இயல்பாகவே இருக்கலாம். இந்த இரண்டையும் நம்பிக் காத்திருக்கக் கூடாது. தோள்பட்டை நுனியில் வலி என்று அவர் சொன்னால், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் வரை ரத்தம் ஏறிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது ஸ்கேன். கருப்பைக்குள் கரு வளரும் பை தெரிகிறது என்று எழுதிவிட்டுக் கருவியை எடுத்துவிடுவதில்தான் பெரும்பாலான அரிய வகைகள் நழுவிப்போகின்றன. சிறுநீர்ப்பை ஓரளவு நிறைந்திருக்கும்போது, நீள்வாட்டில் கருப்பை வாயின் கால்வாயைப் பிடித்து, அங்கிருந்து கருப்பையின் உள்வரியைத் தொடர்ந்து மேலே சென்று, அந்த வரி கரு வளரும் பையில் போய் முடிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு கருவியைக் குறுக்காகத் திருப்பி, பையைச் சுற்றிலும் தசைச்சுவர் எல்லாப் பக்கமும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது, விலையுயர்ந்த கருவியும் வேண்டாம். பைக்குள் மஞ்சள்கருப் பையோ கருவோ தெரியாத வரை அதைக் கருப்பைக்குள் இருக்கும் கர்ப்பம் என்று எழுத வேண்டாம். உள்ளறையில் தேங்கிய வெறும் திரவமும் பை போலவே தோன்றும்.

இந்த எளிய தடம் பற்றுதலிலேயே அரிய வகைகளில் பலவும் தம்மைக் காட்டிவிடும். உள்ளறை காலியாக இருந்து, பை முன்பக்கத்தில், பழைய சிசேரியன் தழும்பின் மட்டத்தில், சிறுநீர்ப்பையை ஒட்டிப் புடைத்து நின்று, இரண்டுக்கும் இடையே தசை மிக மெலிந்தோ இல்லாமலோ இருந்தால் அது தழும்புக் கர்ப்பம். பை கருப்பை வாயின் உள்துவாரத்துக்குக் கீழே இருந்து, கருப்பை மணற்கடிகை வடிவில் தெரிந்தால் அது கருப்பை வாயில் தங்கியது. பை மேல் மூலையில் ஒரு பக்கமாக ஒதுங்கி, வெளிப்பக்கத் தசை 5 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்து, உள்வரியிலிருந்து ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு அதை நோக்கிப் போனால் கருக்குழாய் கருப்பைச் சுவருக்குள் நுழையும் இடத்தில், அதாவது கருப்பை மூலையில் தங்கியது. பையைச் சுற்றித் தசை நன்றாக இருந்தும் அதற்கும் கருப்பை வாய்க்கும் தொடர்பே இல்லையென்றால், பிறவியிலேயே கருப்பையை ஒட்டி அமைந்த, முழுமையாக வளராத சிறு அறையான துணைக்கொம்பில் வளர்கிறது என்று ஐயுற வேண்டும். இத்தகைய பெண்களில் ஒரு பக்கச் சிறுநீரகம் இல்லாமலிருப்பது உண்டு, எனவே அதையும் பார்த்துவிடுவது நல்லது.

கருப்பை வாயில் தெரியும் பை, வெளியேறிக்கொண்டிருக்கும் கருச்சிதைவாகவும் இருக்கலாம் என்பதால் இங்கே கொஞ்சம் நிதானம் தேவை. யோனி வழி ஸ்கேன் இருந்தால், கருவியின் நுனியால் கருப்பை வாயை மெல்ல அழுத்திப் பார்க்கலாம். சிதைந்து வெளியேறும் பை கால்வாய்ச் சுவரோடு ஒட்டாமல் வழுக்கி நகரும். அங்கேயே வேரூன்றிய பை சுவரோடு சேர்ந்தே அசையும். கருவின் இதயத்துடிப்பு அந்த இடத்தில் தெரிவதும் வேரூன்றியதற்கே சான்று. இவை எதுவும் தெளிவாக இல்லை, பெண்ணின் நிலையும் மோசமாக இல்லை என்றால், ஒரு நாள் கழித்து மீண்டும் பார்ப்பது போதும். சிதைவாக இருந்தால் பை அதே இடத்தில் அதே வடிவில் இருக்காது.

ரத்தத்தில் பீட்டா எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோனை அளக்கும் வசதி இருந்தாலும் ஒரே ஒரு அளவை வைத்து முடிவெடுக்க முடியாது. யோனி வழி ஸ்கேனில் உள்ளறை காலியாக இருந்து அளவு லிட்டருக்கு 3500 சர்வதேச அலகைத் தாண்டியிருந்தால் இடம் மாறிய கர்ப்பத்துக்கான ஐயம் வலுக்கிறது. குறைந்த அளவு இருப்பதால் ஆபத்து இல்லை என்று ஆகாது, குறைந்த அளவிலும் குழாய் வெடிக்கும். ஸ்கேன் கருவியே பழுதாகிக் கிடக்கும் நாளில் பழைய முறை ஒன்று இன்றும் உதவும். ரத்த இழப்பால் அதிர்ச்சி நிலையில் இருக்கும் பெண்ணின் அடிவயிற்றின் பக்கவாட்டிலோ யோனியின் பின்மடிப்பிலோ ஊசி செலுத்தி உறிஞ்சி, வந்த ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டு வைக்க வேண்டும். சில நிமிடங்கள் கழித்தும் உறையாமல் நீராகவே இருந்தால் அது வயிற்றறையில் தேங்கிய ரத்தம். உறைந்துவிட்டால் ஊசி ரத்தக்குழாயில் பட்டிருக்கிறது. எதுவும் வராவிட்டால் ரத்தக்கசிவு இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது.

இன்னொரு எளிய சோதனை, கருச்சிதைவு என்று சுரண்டி எடுத்த திசுவைக் கொட்டிவிடாமல் ஒரு கிண்ணத்தில் உப்புநீரில் மிதக்கவிட்டு, பின்னாலிருந்து வெளிச்சம் பட வைத்துப் பார்ப்பது. நஞ்சுத் திசு இருந்தால் கிளை கிளையாகப் பிரிந்த மெல்லிய இழைகள் விரிந்து மிதக்கும். தட்டையான சவ்வுத் துண்டுகள் மட்டுமே இருந்தால் அது கருப்பையின் உள்படலம். கர்ப்பம் வேறெங்கோ இருக்கிறது, அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. கருக்கலைப்பு மாத்திரை எடுத்துக்கொண்டவர்களிடமும் இதே ஏமாற்றம் நேர்கிறது. மிஃபெப்ரிஸ்டோனும் மிசோபுரோஸ்டாலும் கருப்பைக்கு வெளியே உள்ள கர்ப்பத்தை நீக்குவதில்லை, ஆனால் உள்படலம் உதிர்ந்து ரத்தம் போவதால் கலைந்துவிட்டது என்றே எல்லோரும் நம்பிவிடுகிறார்கள்.

வெடித்து வயிறு முழுக்க ரத்தத்துடன் வருபவருக்கு, இடத்தைத் துல்லியமாகக் கண்டறிய நேரம் செலவிட வேண்டியதில்லை. வயிற்றைத் திறந்தால் இடம் தெரிந்துவிடும். இரண்டு தடிமனான சிரை ஊசிகள், ரத்தத்துக்கு ஏற்பாடு, ரத்தக்கசிவைக் குறைக்கும் ட்ரானெக்சாமிக் அமிலம் 1 கிராம் மெதுவாகச் சிரை வழியே, பிறகு தாமதிக்காமல் அறுவை. ரத்தக்கசிவை நிறுத்தும் முன்பே உப்புநீரை லிட்டர் கணக்கில் ஏற்றி ரத்த அழுத்தத்தை இயல்புக்குக் கொண்டுவர முயல்வது கசிவை அதிகப்படுத்தி, மிஞ்சிய ரத்தத்தையும் நீர்த்துப்போகச் செய்யும். உணர்வு தெளிவாக இருக்கும் வகையில் மேல் அழுத்தம் 80 முதல் 90 வரை இருந்தால் அறுவை வரை போதும். அதிர்ச்சி நிலையில் முதுகுத்தண்டு மயக்கமருந்து ஆபத்தானது. கேட்டமின் என்ற மயக்கமருந்தைக் குறைந்த அளவில் பயன்படுத்துவது பாதுகாப்பானது. இந்த நிலையில் ஒருவரை ஆம்புலன்ஸில் ஏற்றிப் பல மணி நேரப் பயணத்துக்கு அனுப்புவதைவிட, வயிற்றைத் திறக்கத் தெரிந்த ஒருவர் இருந்தால் அங்கேயே திறப்பது நல்லது. அனுப்புவதைத் தவிர வழியே இல்லையென்றால், கால்களையும் அடிவயிற்றையும் இறுக்கிப் பிடிக்கும் காற்றில்லா அதிர்ச்சித் தடுப்பு உடையை அணிவித்து, ரத்தம் கொடுக்கக் கூடியவர்களையும் உடன் அனுப்ப வேண்டும்.

ரத்த வங்கி இல்லாத இடத்தில் அந்தப் பெண்ணின் வயிற்றறையில் இருக்கும் ரத்தமே கைக்கெட்டிய ரத்தம். உலக சுகாதார நிறுவனத்தின் கையேடும் இதை ஏற்கிறது. வயிற்று உள்ளுறையைச் சிறிதாகத் திறந்து, கிருமிநீக்கம் செய்த கரண்டியாலோ கிண்ணத்தாலோ ரத்தத்தை முகந்து, மடித்த காஸ் துணியில் வடிகட்டிக் கட்டிகளை நீக்கி, உறைதடுப்பு மருந்துள்ள ரத்தப் பையின் மேற்பகுதியைத் துடைத்து வெட்டித் திறந்து அதில் ஊற்றி, வடிகட்டியுள்ள குழாய் வழியே ஏற்ற வேண்டும். பை இல்லையென்றால் 90 மில்லி ரத்தத்துக்கு 10 மில்லி சோடியம் சிட்ரேட் கரைசல் சேர்க்கலாம். ரத்தம் புதிதாக, தொற்று இல்லாமல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மாதங்கள் கடந்த கர்ப்பம் வெடித்துப் பனிக்குட நீர் கலந்திருந்தால் இதைச் செய்யக் கூடாது. வயிற்றைத் திறக்கும் முன்பே காஸும் கரண்டியும் பையும் மேசையில் தயாராக இல்லாவிட்டால், ரத்தம் உறிஞ்சு கருவியின் ஜாடிக்குள் போய் வீணாகிவிடும்.

கருப்பை மூலைக் கர்ப்பத்தில் கருப்பைத் தமனியும் சினைப்பைத் தமனியும் சேரும் இடம் என்பதால் ரத்தம் பீறிடும். சுற்றிலும் தசை இருப்பதால் குழாயில் இருப்பதைவிடத் தாமதமாக வெடிக்கிறது. அதற்குள் ரத்தநாளங்களும் பெருத்துவிடுகின்றன. கருப்பையைக் கையால் பிடித்து வயிற்றுக்கு வெளியே தூக்கி, மூலையின் அடியை விரல்களால் நசுக்கிப் பிடித்தால் கசிவு குறையும். கருப்பையின் கீழ்ப்பகுதியைச் சுற்றி ஒரு ரப்பர் கதீட்டரை இறுக்கிக் கட்டுவதும் உதவும். பிறகு அந்த மூலையை ஆப்பு வடிவில் வெட்டி எடுத்து, அடுக்கடுக்காகத் தைக்கலாம். தையல் நிற்காவிட்டால் கருப்பையை எடுக்கத் தயங்கக் கூடாது. துணைக்கொம்பில் வளர்ந்த கர்ப்பம் பெரும்பாலும் இரண்டாம் மும்மாதத்தில் வெடிக்கும். கொம்பையும் அதன் குழாயையும் சேர்த்து எடுத்துவிட வேண்டும். சினைப்பைக் கர்ப்பம் அறுவையின்போது வெடித்த நீர்க்கட்டி போலவே இருக்கும். ஸ்பீகல்பெர்க் என்ற மருத்துவர் 1878இல் வகுத்த அளவுகோல்களில் கடைசியானது, பையின் சுவரில் சினைப்பைத் திசு இருப்பதை நுண்ணோக்கியில் காண்பது. ஆகவே திசுவை அனுப்பினால்தான் பெயர் உறுதியாகும். சிகிச்சைக்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்தப் பகுதியை மட்டும் வெட்டித் தைத்து, மீதிச் சினைப்பையைக் காப்பாற்றலாம்.

வெடிக்காமல், சீரான நிலையில் கண்டறியப்படும் கருப்பை வாய்க் கர்ப்பமும் தழும்புக் கர்ப்பமும் அனுப்பப்பட வேண்டியவை. இவற்றில் குருட்டாம்போக்கில் சுரண்டக் கூடாது. கருப்பை வாயில் சுருங்கி ரத்தத்தை நிறுத்தும் தசை மிகக் குறைவு. கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் மருந்து அங்கே உதவாது. சுரண்டிய பிறகோ தானாகவோ ரத்தம் கொட்டத் தொடங்கினால், நுனியில் பலூன் உள்ள ஃபோலி கதீட்டர் குழாயைக் கருப்பை வாய்க்குள் செலுத்திப் பலூனை 30 மில்லி வரை ஊதி அழுத்தம் கொடுத்து, யோனியைத் துணியால் இறுக அடைத்து, கடிகார முகத்தில் 3 மணிக்கும் 9 மணிக்கும் நேரான இடங்களில் கருப்பை வாயின் பக்கவாட்டில் ஆழமாகத் தையல் போட்டால் தமனியின் கீழ்க்கிளைகள் கட்டுப்படும். இது பயணத்துக்கான அவகாசத்தைத் தரும். தழும்புக் கர்ப்பத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பதும் பரிந்துரைக்கப்படுவதில்லை. வளர விட்டால் கருப்பை கிழிவதும் நஞ்சுக்கொடி தசைக்குள் ஊடுருவுவதும் நேரலாம்.

கர்ப்பத் திசுவின் வளர்ச்சியை நிறுத்தும் மெத்தோட்ரெக்சேட் ஊசியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் அறுவை வசதி குறைந்த இடத்தில் அது எளிய தீர்வு போலத் தோன்றும். உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 50 மில்லிகிராம் என்ற ஒரே ஊசி, நிலை சீராக, இதயத்துடிப்பு இல்லாத, சிறிய குழாய்க் கர்ப்பத்துக்கு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் 4ஆம் நாளும் 7ஆம் நாளும் பீட்டா எச்.சி.ஜி. அளந்து, இடையில் 15 விழுக்காடாவது குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் பரிசோதனை முன்பே வேண்டும். ஊசி போட்ட பிறகும் வெடிக்கலாம் என்பதால் அவர் உடனே திரும்பி வரக்கூடிய தொலைவில் இருக்க வேண்டும். அளக்க முடியாத, திரும்பி வர முடியாத இடத்தில் இந்த ஊசி போடுவது சிகிச்சை ஆகாது. தழும்புக் கர்ப்பத்துக்கு இதைத் தசை வழியே மட்டும் கொடுப்பது போதாது. கருப்பைக்குள் ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு கர்ப்பங்கள் இருக்கும்போது, உள்ளே இருப்பதைக் காக்க விரும்பினால் இது கூடவே கூடாது. அத்தகைய இரட்டை நிலை இயற்கையாகச் சுமார் 30,000 கர்ப்பங்களில் ஒன்றுதான், ஆனால் கருத்தரிப்புச் சிகிச்சைக்குப் பிறகு பலமடங்கு கூடுகிறது. உள்ளே கரு தெரிந்தும் வலி அடங்காதவரிடம் இதை நினைக்க வேண்டும்.

வசதி குறைந்த இடங்களில்தான் வயிற்றறைக் கர்ப்பம் மாதங்களைக் கடந்து வருகிறது, ஏனெனில் தொடக்க கால ஸ்கேன் நடந்திருக்காது. சிசு அசையும்போதெல்லாம் வலிக்கிறது என்பார். வயிற்றைத் தொட்டால் சிசுவின் உறுப்புகள் தோலுக்கு அடியிலேயே இருப்பதுபோல் தட்டுப்படும். சிசு பெரும்பாலும் குறுக்காகக் கிடக்கும். வலியைத் தூண்ட எத்தனை முறை மருந்து கொடுத்தாலும் கருப்பை வாய் அசையாது. வலி தூண்டுதல் பலிக்கவில்லை என்று இரண்டாம் சுற்று மருந்து எழுதும் முன், சிறுநீர்ப்பைக்கும் சிசுவுக்கும் இடையே கருப்பைத் தசை இருக்கிறதா என்று ஒருமுறை ஸ்கேனில் பார்க்க வேண்டும். அறுவையின்போது நஞ்சுக்கொடி எங்கே ஒட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தே எல்லாம். அதற்கு ரத்தம் தரும் நாளங்களை முழுமையாகக் கட்ட முடிந்தால் ஒழிய அதைப் பிரிக்க முயல வேண்டாம். குடலிலோ குடற்தாங்கியிலோ ஒட்டிய நஞ்சுக்கொடியைப் பாதி பிரித்துவிட்டால் ரத்தத்தை நிறுத்த வழியில்லை. தொப்புள்கொடியை அடியோடு கட்டி வெட்டி, நஞ்சுக்கொடியை உள்ளேயே விட்டுத் தைத்துவிடலாம். அது கரைய மாதக்கணக்கில் ஆகும், இடையில் சீழ்க்கட்டியோ குடலடைப்போ வரலாம் என்பதைக் குடும்பத்தினருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். அதை வேகமாகக் கரைக்க மெத்தோட்ரெக்சேட் கொடுத்தால் திசு ஒரேயடியாக அழுகித் தொற்று உண்டாகும் என்பதால் பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது.

எந்த வகையாக இருந்தாலும், ஆர்எச் நெகட்டிவ் ரத்தமுள்ளவருக்கு அடுத்த கர்ப்பத்தின் சிசுவைப் பாதுகாக்கும் ஆன்டி-டி ஊசி 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். அறுவைக் குறிப்பில் வெறுமனே இடம் மாறிய கர்ப்பம் என்று எழுதாமல், எந்த இடம், எந்தப் பக்கம், என்ன எடுக்கப்பட்டது, கருப்பைத் தசை வெட்டப்பட்டதா, மறுபக்கக் குழாய் எப்படி இருந்தது என்று எழுதி, அதன் நகல் ஒன்றை அந்தப் பெண்ணிடமே கொடுக்க வேண்டும். அடுத்த முறை கர்ப்பமானால் 6 அல்லது 7 வாரத்தில் முதல் ஸ்கேன் அவசியம். கருப்பை மூலை வெட்டித் தைக்கப்பட்டவருக்குப் பிரசவ வலி தொடங்கும் முன்பே திட்டமிட்ட சிசேரியன் தேவைப்படும். அந்தப் பிரசவத்தைப் பார்க்கப்போகும் மருத்துவருக்கு இவற்றைத் தெரிவிக்கக் கையிலிருக்கும் அந்தத் தாள் ஒன்றே வழியாக இருக்கக்கூடும்.